புளி போட்டுத் தேய்த்த சில்லு

அந்தச் சில்லைத் தேய்த்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் இந்தக் கதை மூன்று விதமாக உலாவுகிறது. என் புருஷன் தேய்த்தார் என்கிறார்கள், மகள் தேய்த்தாள் என்கிறார்கள், பூனை எதையோ தட்டி ஊற்றிவிட்டது என்றும் ஒரு கதை இருக்கிறது. பூனையின் பேரில் பழி போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்கு இந்தப் பெருநாளைக்கு நான் பலகாரம் அனுப்பவில்லை.

என் பெயர் ஹுஸ்னியா. கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கத்தில் என் புருஷன் ஹிஷாமின் கடை. காரின் சக்கரச் சில்லுகளைச் சுரண்டி, மட்டம் பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். எங்கள் ஊரின் உப்புக் காற்றில் அலோய்ச் சில்லின் மேல்பூச்சு இரண்டு வருஷத்தில் கொப்புளம் போடும், அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே அவருக்கு வேலைக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது ஒரே விஷயம்தான். பளபளவென்று இருக்க வேண்டும், குனிந்தால் முகம் தெரிய வேண்டும். புது மாப்பிள்ளைகள் தலை சீவிப் பார்த்துவிட்டுத்தான் சில்லை ஏற்றிக்கொண்டு போவார்கள். இருபத்து நாலு வருஷமாக அந்தக் கடைக்குப் பின்னால் சமைக்கிறவள் நான். சில்லு என்றால் பளபளக்க வேண்டும் என்று நான் நினைத்ததில் பாதிக் குற்றம் ஊராருடையது.

நல்லரெத்தினம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காரைதீவு ஆள், எழுபத்தொரு வயது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவர். இளமையில் ஓமானில் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு, எண்பத்து மூன்றில் திரும்பும்போது ஒரு செலிகா கார் கொண்டு வந்தார். ஜப்பான்காரனின் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, நிலத்தோடு ஒட்டிய வயிறு, கடும் நீல நிறம். வீடு வளவு வாங்குகிற வயதில் இப்படி ஒன்றை வாங்கியதற்காக அவருடைய தகப்பன் ஆறு மாதம் அவரோடு கதைக்கவில்லையாம். மற்ற உத்தியோகத்தர்கள் ஜீப்பில் போன குளக்கட்டுக்கு இவர் அந்தக் காரில் போனார். சத்தத்தைக் கேட்டதும், களவாகத் தண்ணீர் திறந்த ஆட்கள் ஓடிப்போய்த் துருசுக் கதவை அடைத்துவிடுவார்கள் என்று என் வாப்பா சொல்லிச் சிரிப்பார்.

என் வாப்பா வீடு வரிப்பத்தான்சேனையில். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே கல்யாணம் முடித்த புதிதில் ஹிஷாமும் அங்கேதான் இருந்தார். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம், நான் நிறைமாதம். ஹிஷாம் முதல் நாள் வேலைக்கென்று கல்முனைக்குப் போயிருந்தார். விடிந்தால் ஹர்த்தால். ஒரு வாகனம் ஓடவில்லை. காலை பத்து மணிக்கு எனக்கு நோவு வந்தது, நோவோடு இரத்தமும் வந்தது. மழைக்குப் பாதையெல்லாம் குழி. ட்ரக்டரில் ஏற்றலாம் என்றார்கள். அதில் ஏற்றினால் ஆஸ்பத்திரிக்கு உயிரில்லாத மையித்துத்தான் போகும் என்று மருத்துவிச்சி கத்தினாள்.

அன்று இறக்காமக் குளம் நிறைந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க நல்லரெத்தினம் அண்ணன் வந்திருந்தார். ஹர்த்தாலுக்கு அவரும் வீட்டில் இருந்திருக்கலாம். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, குளக்கட்டிலிருந்து இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். முன் ஆசனத்தைச் சாய்த்து என்னைப் படுக்க வைத்தார்கள். உம்மா பின்னால் ஒடுங்கிக்கொண்டு குர்ஆன் ஓதினா. பன்னிரண்டு கிலோமீட்டரும் காரின் வயிறு மண்ணில் உரசிக்கொண்டே போனது. சோதனைச் சாவடிகளில் அவர் சிங்களத்தில் என்னவோ சொன்னார், விட்டார்கள். என்னிடம் அவர் கதைத்தது ஒரே வார்த்தைதான், ஒவ்வொரு குழிக்கும் முன்னால்: கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. அம்பாறை ஆஸ்பத்திரியில் டொக்டர், இன்னும் கால் மணித்தியாலம் போயிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டீர்கள் என்றார். ஹிமாயா பிறந்தாள். உம்மா அவரைத் தேடி வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

பிறகு ஹிஷாம் காரைதீவுக்குப் போய் நன்றி சொன்னார். வாப்பா இரண்டு மூட்டை நெல் அனுப்பினார். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவரைக் கண்டபோது வாய் வரவில்லை. நன்றி என்கிற வார்த்தை, தேநீர் தந்தவருக்கும் சொல்கிற வார்த்தைதானே என்று ஒரு யோசனை. அடுத்த முறை சொல்வோம் என்று விட்டேன். அடுத்த முறையும் விட்டேன். வருஷங்கள் போனபின், இப்போது திடீரென்று போய்ச் சொன்னால் இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய் என்று நினைப்பாரோ என்று வெட்கம் வந்துவிட்டது. வாயாடி என்று ஊரே சொல்கிற எனக்கு வாய் அடைத்த இடம் அது ஒன்றுதான்.

அவர் இந்த வருஷம் வைகாசியில் அந்தக் காரோடு எங்கள் கடைக்கு வந்தார். ஓட்டி வந்தது அவருடைய மருமகன் கிசோக். அண்ணன் இறங்கி, கடைவாசல் படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினார். கண்ணில் அழுத்தம் என்றார். ஓரமெல்லாம் போய்விட்டது, குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் தெரிகிறது, மிச்சமும் வருஷ முடிவு வரை நிற்கும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. இதையெல்லாம் அவர் குளத்து நீர்மட்டம் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

"அதுக்கிடையில இந்தக் காரை ஒருக்கா, கப்பலால இறக்கின அண்டைக்கு இருந்த மாதிரிப் பார்க்கோணும் தம்பி," என்று ஹிஷாமிடம் சொன்னார். "மற்றதெல்லாம் அப்பிடியேதான் இருக்கு. சில்லு மட்டும்தான் பொய் சொல்லுது."

நான் தேநீர் ஊற்ற உள்ளே போனேன். அந்தத் தேநீர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நான் சீனி கலக்கிக்கொண்டிருந்தபோது முன்னால் அவர்கள் கதைத்த முக்கியமான கதையை நான் கேட்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

அந்தக் காரின் சில்லு கம்பனியிலிருந்து வரும்போது பளபளப்பாக வரவில்லை. ஆரக்கால்களின் முகத்தை லேத்தில் போட்டுச் சீவியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும், நகத்தால் தடவினால் சுரசுரக்கும். ஆரங்களுக்கு இடையில் உள்ள பள்ளங்களில் சாம்பல் நிறப் பெயின்ட். வெறும் சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை, தண்ணீர் தெளித்த சாம்பலின் நிறம். இரண்டுக்கும் மேலே மெல்லிசாக லெக்கர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு டயர்க் கடைக்காரர், அண்ணனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, நாலு சில்லையும் தேய்த்து வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டார். நடுவில் பூட்டுகிற, அதே சாம்பல் நிற மூடிகளையும் விடவில்லை. அந்த மூடிகளிலும் மூன்றுதான் பழையவை, நாலாவது காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருந்தது. கம்பனி நிறம் மிஞ்சியிருந்தது ஒரே ஒன்றில்: பின்பெட்டிக்குள் விரிப்புக்கு அடியில் கிடந்த ஐந்தாவது சில்லில். அது ஒரு நாளும் பாதையில் ஓடவில்லை. அதைப் பார்த்துத்தான் மற்ற நாலையும் செய்ய வேண்டும். காரின் உடம்புக்கு நிற இலக்கம் இருந்தது, சில்லின் சாம்பலுக்கு எங்கேயும் இலக்கம் இல்லை.

அந்த ஐந்தாவது சில்லுக்குக் கடைத் தூசு படக்கூடாதென்று ஹிஷாம் அதை வீட்டின் பின் விறாந்தையில் கொண்டுவந்து வைத்தார். தொடாதே என்றார். அவர் எதைத்தான் தொடச் சொன்னார்? தின்னர் டின்னைத் தொடாதே, வயரைத் தொடாதே, அவர் உடுத்துகிற பழைய சாரத்தைத் தொடாதே. கல்யாணம் முடித்த நாள் முதல் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. ஹிஷாம் நாலு சில்லையும் ஏற்றிக்கொண்டு பாண்டிருப்பில் சுஜிந்தனின் லேத் பட்டறைக்குப் போயிருந்தார். நான் பின் விறாந்தையில் இருந்து வெற்றிலை வட்டாவையும் படிக்கத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உம்மா வீட்டுச் சீதனப் பித்தளை. கல்முனைக்குடியில் என்னைப் போலப் பித்தளை விளக்க ஆளில்லை, இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். வட்டா பொன்னாகி வெயிலில் காய்ந்தது. பக்கத்தில் அந்தச் சில்லு மங்கிப்போய், மஞ்சள் ஏறி, ஓரத்தில் லெக்கர் செதிலாக உரிந்து கிடந்தது.

பார்க்கப் பார்க்க என் மனம் கேட்கவில்லை. என்னையும் என் பிள்ளையையும் சுமந்த காரின் சில்லு. ஹிஷாம் நாலு சில்லுக்கு வேலை செய்கிறார், இந்த ஒன்றையாவது என் கையால் செய்துவிட்டால் அண்ணனுக்கு நான் வாயால் சொல்லாததில் கொஞ்சமாவது சொன்னதாக இருக்குமே என்று நினைத்தேன். மிச்சப் புளியைப் பிசைந்தேன். தேங்காய்த் தும்பை எடுத்தேன்.

முதலில் லெக்கர் போனது, சந்தோஷமாக இருந்தது. பள்ளத்துச் சாம்பல் நிறம் மட்டும் விடமாட்டேன் என்றது. அதை நான் நாற்பது வருஷத்து அழுக்கு என்று நினைத்தேன். சிரட்டைக் கரி போட்டுப் பார்த்தேன். அதற்கும் அசையாதபோது, ஹிஷாமின் பெட்டியிலிருந்து சேண்ட்பேப்பர் எடுத்து வந்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி இருந்தேன். விரல் நுனி எல்லாம் உரிந்தது. அஸருக்கு வாங்கு சொல்லும்போது சில்லில் என் முகம் தெரிந்தது. அந்த முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என் பேரில் கோபம் வருகிறது.

ஹிஷாம் வந்தார். வட்டாவுக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர் சத்தம் போடுகிற ஆளில்லை, எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னுடையது. மெதுவாகக் குந்தினார். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். பிறகு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஒண்டுதான் புள்ள மிச்சமிருந்திச்சு," என்றார்.

அப்போதுதான் முழுக்கதையும் சொன்னார். நான் அழவில்லை, சண்டை பிடித்தேன். முதலிலேயே சொல்ல உங்களுக்கு வாயில் என்ன இருந்தது என்றேன். சொன்னால் நீ கேட்பாயா என்றும் அவர் கேட்கவில்லை.

ஹிமாயா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, நடந்ததைக் கேட்டுப் போனைத் திறந்தாள். வாப்பா, நீங்கள் போட்டோ எடுக்கவில்லையா என்றாள். எடுத்திருந்தார். கடைக்குள் எடுத்ததில் அந்தச் சாம்பல் நீலமாக இருந்தது, விறாந்தையில் எடுத்ததில் மண்ணிறமாக இருந்தது. உலகத்தில் இதே கார் வைத்திருக்கிறவர்களின் படங்களைத் தேடினாள். இருபது படம், இருபது சாம்பல். எல்லோரும் புதிதாக அடித்தவர்கள், ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் கம்பனி நிறம் என்று எழுதியிருந்தார்கள். ஹிஷாம் ஞாபகத்தில் கலந்து மூன்று தகரத்தில் அடித்துப் பார்த்தார். எனக்கு மூன்றும் சரியாகத் தெரிந்தது, அவருக்கு மூன்றும் பிழையாகத் தெரிந்தது.

அன்று நான் சொன்ன ஒரு வார்த்தையையும் மறைக்க மாட்டேன். அண்ணனுக்குத்தான் கண் தெரியாதே, ஏதோ ஒரு சாம்பலை அடித்துக் கொடுங்கள், அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்றேன். ஹிஷாம் நிமிரவில்லை. ஹிமாயா என்னைப் பார்த்து "உம்மா" என்றாள், அவ்வளவுதான். அவளைச் சுமந்துகொண்டு நான் எந்தக் காரில் படுத்துக் கிடந்தேன் என்று எனக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அடுத்த நாள் காலை நானே போய்ச் சொல்வதென்று எழுந்தேன். ஹிஷாம் தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். சில்லைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன்.

அண்ணனும் அவருடைய மனைவி பூமணி அக்காவும் முன் அறையில் இருந்தார்கள். பூமணி அக்கா பழைய தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தா. எனக்குப் பயம் வந்தால் கோபமும் கூடவே வரும். மன்னிப்புக் கேட்கப் போனவள், இவ்வளவு பெறுமதியான சாமானை எங்கள் வீட்டில் ஏன் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று அவரைத்தான் முதலில் ஏசினேன். ஏசி முடித்த பிறகுதான் விரிப்பைப் பிரித்தேன். புளி, சாம்பல், சிரட்டைக் கரி, சேண்ட்பேப்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏதோ ஒரு நிறத்தை அடிக்கச் சொன்னதையும் சொன்னேன்.

அண்ணன் சில்லை மடியில் வாங்கினார். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். பள்ளங்களில் பார்த்தார். எங்கேயாவது ஒரு நகமளவு மிஞ்சியிருக்கிறதா என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மிஞ்சியிருக்கவில்லை. நான் நன்றாகத் தேய்க்கிறவள்.

"பரவாயில்ல தங்கச்சி," என்றார். அந்தக் குரலில் பரவாயில்லை என்பது கொஞ்சமும் இல்லை. என் கையைக் காட்டச் சொன்னார். உரிந்த விரல்களைப் பார்த்துவிட்டு, மருந்து போடுங்கள் என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது தையல் மெஷின் சத்தம் நின்றது. பூமணி அக்கா மெஷினின் பக்க லாச்சியை இழுத்து, உள்ளே இருந்து வட்டமாக ஒன்றை எடுத்தா. அதில் சட்டைப் பொத்தானும் கொக்கியும் ஊசியும் நிறைந்திருந்தன. எல்லாவற்றையும் தலையணை உறையில் கொட்டினா. வெறுமையான அதைக் கொண்டுவந்து, சில்லின் நடுவில் இருந்த குழியில் வைத்தா. கச்சிதமாகப் பொருந்தியது. காணாமல் போன நாலாவது மூடி.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினையில், ஒருவரும் பறித்துக்கொண்டு போகாமலிருக்க, அண்ணன் அந்தக் காரை வயலில் வைக்கோல் போருக்குள் மறைத்து வைத்திருந்தார். நாலு வருஷம் கழித்து வெளியே எடுத்தபோது ஒரு மூடி இல்லை. அவர் ஒரு கிழமை ஊரைக் கிழித்தார், நெல் சூடடிக்க வந்த ஆட்களையெல்லாம் சந்தேகப்பட்டார். உண்மையில் அது வைக்கோலுக்குள் கழன்று கிடந்தது. பூமணி அக்கா கண்டு எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று தையல் லாச்சிக்குள் போட்டு, மறந்து, பொத்தான் போட்டு வைத்துவிட்டா.

"நீங்க அண்டைக்குக் கத்தின கத்துக்குப் பிறகு நான் எப்பிடிச் சொல்லுற?" என்றா அவரிடம். "முப்பத்தொரு வருசம். இந்தப் புள்ள தான் செஞ்சத இவ்வளவு தூரம் கொண்டுவந்து சொல்லுறா. நான் பக்கத்தில இருந்துகொண்டு சொல்லல்ல."

அண்ணன் மூடியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். வெள்ளிப் பெயின்ட் அடித்த டயர்க் கடைக்காரரின் கைக்கு அகப்படாத மூடி. வெயில் இல்லை, உப்பு இல்லை. தண்ணீர் தெளித்த சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. இப்போது அக்காவுக்கு ஏச்சு விழப்போகிறது என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தார். அக்காவும் சிரித்தா. நான் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் பைத்தியக்காரிபோல அழுதுகொண்டிருந்தேன்.

"தங்கச்சி, நீங்க தேய்க்காட்டி இது வெளியில வந்திருக்காது," என்றார் அண்ணன்.

மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹிஷாம் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் தேய்த்த சில்லின் நிறமே உண்மையில் மஞ்சள் ஏறிய நிறம்தான் என்றார். லெக்கர் பழுத்து, பின்பெட்டிச் சூட்டில் மாறியிருக்கிறது. அதைப் பார்த்து அடித்திருந்தால் பிழையாகத்தான் வந்திருக்கும் என்றார். இதை அவர் என் ஆறுதலுக்காகச் சொன்னாரா என்று அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. ஆறுதலுக்குப் பொய் சொல்லும் அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் கிடையாது.

இரண்டு நாள் கலந்தார். கறுப்பில் ஒரு துளி, வெள்ளியில் ஒரு துளி, பிறகு மண்ணிறத்தில் கம்பி நுனி அளவு. பத்துத் தகரம் பிழையாகி, பதினோராவது தகரத்தை விறாந்தைக்குக் கொண்டுவந்து மூடிக்குப் பக்கத்தில் வைத்தபோது எது எதுவென்று எனக்குப் பிரிக்க முடியவில்லை, அவருக்கும் முடியவில்லை. பள்ளங்களுக்கு அந்தச் சாம்பல். முகத்தில் சுஜிந்தன் சீவிய கோடுகள் அப்படியே. மேலே மெல்லிசாக லெக்கர். வேலை முடியும் வரை நான் கடைப்பக்கம் போகவில்லை. ஹிஷாம் கூப்பிட்டும் போகவில்லை.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அண்ணனும் அக்காவும் கிசோக்கும் வந்தார்கள். சில்லுகள் பூட்டிக் கார் ஒழுங்கையில் நின்றது. உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பளபளப்பு இல்லை, ஒருவரையும் கூப்பிடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றபோது, கார் முழுவதும் ஒரே ஆளாகிவிட்டது. இத்தனை நாளும் யாருடையதோ செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றது என்று அப்போது விளங்கியது.

நான் ஒரு பலகைக் குத்தியைக் கொண்டுவந்து முதல் சில்லுக்கு முன்னால் போட்டேன். அண்ணன் அதில் இருந்தார். காற்றுப் போகும் வால்விலிருந்து தொடங்கி, ஆரம் ஆரமாக, பள்ளம் பள்ளமாகச் சுற்றி வந்தார். மற்றவர்களுக்கு ஒரு நொடியில் தெரிகிற சில்லு அவருக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரு சில்லுக்குப் பத்து நிமிஷம் எடுத்தது. முடிந்ததும் "ஓம்" என்றார். நான் குத்தியை அடுத்த சில்லுக்கு நகர்த்தினேன். கிசோக் மணியைப் பார்த்தான், பூமணி அக்கா அவனை முறைத்தா. நாலாவது சில்லில் பொத்தான் மூடி இருந்தது. அங்கே அவர் அதிக நேரம் இருந்தார். கையால் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓம், இதுதான்," என்றார். "இப்பிடித்தான் இருந்தது."

ஹிஷாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தாவது சில்லுக்கும் அதே நிறம் அடித்து இரண்டு நாளில் தருகிறேன் என்றார். வேண்டாம், அது தங்கச்சி செய்தபடியே பெட்டிக்குள் கிடக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கிசோக் அதை வைத்துப் பெட்டியைச் சாத்தினான். வேலை முடிந்தது, இனிப் புறப்படுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் குத்தியை விட்டு எழும்பவில்லை. மகள் வீட்டில் நிற்கிறாளா என்று கேட்டார். ஹிமாயா கதவடியில்தான் நின்றாள்.

"ரோட்டில, பள்ளிக்கூட வாசல்ல எத்தனையோ தரம் கண்டிருப்பன். வடிவாப் பார்க்கல்ல," என்றார். "கோவமில்லாட்டிக் கொஞ்சம் கிட்ட வாங்க மகள்."

ஹிமாயா போய் அவருக்கு முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டாள். சில்லைப் பார்த்த அதே விதமாகத்தான் அவளையும் பார்த்தார். நெற்றியிலிருந்து தொடங்கினார். ஒரு புருவம், அடுத்த புருவம், மூக்கு, கன்னத்து மச்சம், நாடி. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத என் மகள் அசையாமல் இருந்தாள். மிஞ்சிய பார்வையில் என் பிள்ளைக்கும் ஒரு பங்கு வைத்திருந்தார் அந்த மனிதர். கடைசியில் "ஓம்" என்றார், சில்லுக்குச் சொன்ன அதே ஓம்.

எனக்கு அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணன், அண்டைக்கு நீங்க வராட்டி இவள் இல்ல. நானும் இல்ல," என்றேன். "இருவத்தாறு வருசமா இத உங்களுக்கிட்டச் சொல்லாம வெச்சிருந்திட்டன்."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பி, குழாய்க்குள்ளால் என்னைத் தேடினார்.

"இப்ப சொல்லிற்றீங்கதானே," என்றார். "நீங்களும் வாங்க தங்கச்சி. உங்கட முகத்தையும் பார்த்து வெச்சிக்கொள்ளுறன்."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.